வாசல் வழியா போகுது டூர் பஸ்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஏரியாவில் இன்பிளான்ட் டிரெயினிங், அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட் என்று ஏதோ ஒரு பெயரில் வந்து டேரா போட்டிருக்கும் மக்களே... உங்களுக்கு ஒரு கேள்வி. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பல வருஷமாக நடத்திவரும் காஞ்சிபுரம் - மாமல்லபுரம் ஒருநாள் டூரில் நீங்கள் போக வேண்டும் என்றால் என்ன செய்யணும்?

விடையைக் கேட்டால் சிரிப்பீங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, சுமார் 40 கிலோமீட்டர் சென்னைக்குப் போய், வாலாஜா சாலையில் டூர் பஸ் பிடித்து, அதே பெங்களூர் ஹைவேயில் திரும்பி வந்து, உங்க ஹாஸ்டல் மொட்டை மாடியில் காயுற உங்க யூனிஃபார்முக்கே ஜன்னல் வழியா டாட்டா காட்டிட்டு, அப்புறம் காஞ்சிபுரம் போகணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னு சொல்வாங்களே, அது இதுதான்!

டூர் பஸ்ஸைத் தப்பு சொல்லி என்ன ஆகப்போகுது? நம்ம ஊரில் பார்க்க ஒண்ணும் இல்லைன்னு முதலில் முடிவு கட்டினதே நாமதான். என் ரூம்மேட் அக்காவையே எடுத்துக்குங்க. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ரெண்டு வருஷ காண்ட்ராக்ட். அடுத்த மாசம் முடியுது, ஊருக்குக் கிளம்புறாங்க. "ரெண்டு வருஷத்துல இங்க என்னக்கா பாத்தீங்க?"ன்னு கேட்டேன். "என்னட்டி இருக்கு பாக்க? கம்பெனி, பஸ்ஸு, ஹாஸ்டலு. எங்கம்மா போன்ல 'அந்த ஊரு எப்படி இருக்கும்'னு இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்காவ. சொல்லத்தான் ஒண்ணுமில்ல"ன்னாங்க.

சொன்ன விதம் ரொம்ப சாதாரணமா இருந்துச்சு. அதான் தூக்கம் வரல.

ஆக, இந்த வாரக் கதை: நாங்களே ஒரு டூர் போட்டோம். இன்பிளான்ட் டிரெயினிங் வந்த காலேஜ் கோஷ்டி 5 பேர், ஹாஸ்டல் அக்காக்கள் 4 பேர், பக்கத்து கம்பெனியில் அப்ரண்டிஸா இருக்கும் ஒடிசா பையன்கள் 2 பேர். 12 சீட் வேன். காஞ்சிபுரத்தில் முப்பது வருஷமா கைடா இருக்கும் ஒரு பெரியவர், கழுத்தில் அடையாள அட்டையோட. வேன், டீசல், கைடு, சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 700 ரூபாய் ஆச்சு. அக்காக்களுக்கு வாரத்தில் லீவு ஞாயிறு ஒண்ணுதான், அதுதான் துணி துவைக்கிற நாள், தூங்குற நாள். அதை விட்டுட்டு வர்றாங்கன்னா 700 ரூபாயை விட அது பெரிய செலவு. சாயங்காலம் ஏழரைக்குள் ஹாஸ்டல் ரெஜிஸ்டரில் கையெழுத்து வேறு போட்டாகணும்.

கைடு ஐயாவைக் காஞ்சிபுரத்தில் ஏற்றிக்கிறோம்னு சொன்னோம். "வேணாம், நான் பெரும்புதூருக்கே பஸ் பிடிச்சு வந்துடறேன். டூரு அங்கதான் ஆரம்பிக்குது"ன்னுட்டார். காலை ஆறரைக்கு ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் எங்களுக்கு முன்னாடியே நிக்கிறார். வெள்ளை வேட்டி, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ!

ராமானுஜர் 1017-ல் பிறந்த ஊர் இது. 2017-ல் ஆயிரமாவது ஆண்டை ஊரே கொண்டாடியது. இந்த அளவுக்கு எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதது, உள்ளே இருக்கும் அவருடைய சிலையின் கதை. ராமானுஜர் ஊரை விட்டுப் போய் ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது, சொந்த ஊர்க்காரர்கள் ஆசைப்பட்டு அவருக்கு ஒரு விக்கிரகம் செய்தார்களாம். அவரே அதைத் தழுவிக் கொடுத்தார் என்பது மரபு. அதனால் 'தான் உகந்த திருமேனி' என்று பேர். இதை ஐயா எப்படிச் சொன்னார் தெரியுமா? "வேலைக்கு வெளியூர் போன புள்ள, ஊருக்கு போட்டோ அனுப்பி வைக்கும்ல, அந்த மாதிரி."

அக்கா சட்டுன்னு நிமிர்ந்து பார்த்தாங்க. அதுவரைக்கும் போனில்தான் கண்ணு.

அடுத்து ராஜீவ் காந்தி நினைவிடம். 1991 மே 21 ராத்திரி, தேர்தல் கூட்டத்துக்கு வந்த இடத்தில் மனித வெடிகுண்டுக்கு அவர் பலியானார். நாங்க யாரும் அப்போ பிறக்கவே இல்லை. சினிமாவிலும் டி.வி.யிலும் பார்த்ததுதான். ஐயா பெருசா எதுவும் விளக்கல. அவரோடு இன்னும் பலர் செத்தார்கள், அதில் ஒரு புகைப்படக்காரரும் உண்டு, அவர் கேமராவில் மிச்சமிருந்த பிலிம்தான் வழக்குக்கே முக்கியமான தடயம் ஆச்சுன்னு மட்டும் சொல்லிட்டு ஓரமா போய் நின்னுட்டார். எங்க செட்டில் ஒருத்தன் செல்ஃபி எடுக்க போனைத் தூக்கினவன், தானாவே பாக்கெட்டில் வெச்சுட்டான். நல்ல கைடுக்கு எங்கே பேசக் கூடாதுன்னும் தெரியும் போல.

வேன் ஹைவே ஏறியதும் ஐயா ஆரம்பித்தது... கம்பெனி டூர்! இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளியே வர ஆரம்பித்தது, ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிஸான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாகச் சொல்கிறார். "சார், நாங்க கோயில் பாக்க வந்தோம்"னு ஒருத்தன் கலாய்ச்சான். அவர் விடல. "நோக்கியா தெரியுமா தம்பி? 2006-ல இங்க தொறந்தாங்க. 2014-ல மூடிட்டாங்க. எட்டே வருஷம். பின்னாடி வேற கம்பெனி எடுத்துக்கிச்சு, அது வேற. ஆனா அப்ப ஷிப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணுங்க கூட்டத்த நான் பாத்திருக்கேன். அதுவும் இந்த ஊர் சரித்திரம்தானே? கல்லுல வெட்டல, அவ்ளோதான்."

எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர் மெக்சிகோ சிட்டியில் முழுநாள் டூர் போயிட்டு வந்து ஒரு கதை சொன்னார், அது ஞாபகம் வந்தது. (நம்ம இருங்காட்டுக்கோட்டை கார் அந்த நாட்டுக்கும் கப்பல் ஏறியிருக்கு!) அந்த ஊர் நடுவில் 1978-ல் கரன்ட் கம்பெனி ஆட்கள் பள்ளம் தோண்டும்போது ஒரு பெரிய வட்டக் கல் தட்டுப்பட்டது. பார்த்தால் ஆஸ்டெக் மக்களின் நிலா தெய்வம் செதுக்கிய கல், எடை சுமார் 8 டன். அதைப் பிடித்துக்கொண்டு தோண்டத் தோண்ட, அவர்களுடைய தலைமைக் கோயிலே வெளியே வந்தது. இன்றைக்கு அந்த ஊருக்கு டூர் போகிற எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். எலெக்ட்ரிகல் மக்களே, அடுத்த தடவை பள்ளம் தோண்டும்போது கொஞ்சம் பார்த்து!

காஞ்சிபுரத்தில் முதல் ஸ்டாப் கைலாசநாதர் கோயில். சுமார் 1300 வருஷத்துக்கு முன்னால் ராஜசிம்மன் என்ற பல்லவ ராஜா கட்டியது. பொதுவா டூர் பஸ் கூட்டம் இங்கே ரெண்டு வேலை செய்யும். கருவறையைச் சுற்றி இருக்கும் குறுகலான வழியில் ஊர்ந்து போகும், சிங்கத் தூண் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கும். நாங்களும் ரெண்டையும் செய்தோம். ஊர்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லையாம். "மறுபிறவி இருந்தா இருக்கட்டும், அரியர் இல்லாம இருந்தா போதும்"னு மெக்கானிக்கல் மாப்பிள்ளை ஒருத்தன் வேண்டிக்கிட்டான்.

பிரகாரத்தைச் சுற்றி வரிசையா 58 குட்டிக் கோயில்கள். அந்த ராஜா தன்னோட பட்டப்பெயர்களை அதில் வெட்டி வெச்சிருக்கார். இருநூறுக்கும் மேலே! ஃபேன்ஸ் கிளப் போஸ்டரெல்லாம் பிச்சை வாங்கணும். அங்கங்கே சுவரில் சிவப்பும் பச்சையுமா அழிஞ்சும் அழியாமலும் ஓவியங்கள். பின்னாளில் பூசின சுண்ணாம்புக்கு அடியில் கிடந்தது, 1931-ல் பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேய் கண்ணில் பட்டுச்சாம். ஒரு தடவை காட்டினப்புறம்தான் கண்ணுக்குத் தெரியுது. நாங்களா வந்திருந்தா 'சுவர் அழுக்கு'ன்னு தாண்டிப் போயிருப்போம்.

ஆனா இந்தக் கோயிலில் ஐயா காட்டின மேட்டரே வேற. முன் மண்டபத்தில் ஒரு தூண். அதில் பழைய கன்னடத்தில் ஒரு கல்வெட்டு. காஞ்சிபுரத்தில் கன்னடம் எங்கே வந்தது? ஃப்ளாஷ்பேக்: 642-ல் நம்ம ஊர் நரசிம்மவர்மன் படை எடுத்துப் போய் சாளுக்கியர்களின் தலைநகரம் வாதாபியைப் பிடிச்சான். நூறு வருஷம் அவங்க மறக்கல. 8-ம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் பழிக்குப் பழி வாங்கக் காஞ்சிக்குள் நுழைஞ்சான். ஊர் அவன் கையில். கோயில் சொத்தும் அவன் கையில். ஆனா இந்தக் கோயிலைப் பார்த்துட்டு, 'இதை எடுக்க மாட்டேன், சாமிக்கே திருப்பித் தர்றேன்'னு சொல்லி, அதை இந்தத் தூணிலேயே வெட்டி வெச்சுட்டுப் போயிட்டான்.

அதோடு முடியல. அவனோட ராணி லோகமகாதேவி ஊருக்குப் போய் பட்டடக்கல்லில் ஒரு கோயில் கட்டினாள். இன்றைக்கு விருபாட்சர் கோயில்னு அதுக்குப் பேர், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற இடம். அதைப் பார்த்தால் இந்தக் கைலாசநாதர் சாயல் அடிக்குமாம். சண்டைக்கு வந்தவங்க டிசைனை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்காங்க! ஒடிசா பையன்களுக்கு ஐயா இதை ஹிந்தியில் மறுபடி முழுசா சொன்னார். அவசரப்படல. அதில் ஒருத்தன், "அவ்வளவு தூரம் ஜெயிச்சு வந்து சும்மாவா திரும்பினான்?"னு மூணு தடவை கேட்டான். நம்பிக்கையே வரல அவனுக்கு.

ஸ்கூல் புக்கில் விக்கிரமாதித்தன் ஒரு மார்க் கேள்வி. எந்தத் தூண், எந்தப் பக்கம்னு விரல் வெச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும். கைடுக்கு எதுக்குக் காசு, போனில் தேடினா வராதான்னு நினைக்கிறவங்களுக்கு: தேடினா வரும். ஆனா எதைத் தேடணும்னு தெரிஞ்சாத்தானே பாஸ்?

மணி பதினொண்ணு. பன்னிரண்டுக்கு நடை சாத்திடுவாங்கன்னு ஐயா எங்களை விரட்டி வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கொண்டு வந்தார். டூரில் என் ஃபேவரிட் இதுதான். ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர்னு பெரிய கோயில்களை விட்டுட்டு இங்கே ஒரு மணி நேரமான்னு எங்களுக்குள்ள முணுமுணுப்பு. (அத்திவரதர் 2019-ல் 48 நாள் தரிசனம் தந்துட்டு மறுபடி குளத்துக்குள் போயிட்டார். அடுத்து 2059-ல்தான். அப்போ நாங்களே 50 தாண்டியிருப்போம், சாவகாசமா வர்றோம் சாமி!)

உள்ளே தாழ்வாரச் சுவர் முழுக்க அடுக்கடுக்கா சிற்பங்கள். காமிக்ஸ் புக் மாதிரி கட்டம் கட்டமா பல்லவர்களோட கதை. சிலதுக்குக் கீழே எழுத்துகூட வெட்டியிருக்கு. மணற்கல் என்பதால் மூக்கு முகமெல்லாம் கரைஞ்சு போச்சு. ஐயா ஒவ்வொரு கட்டமா சொல்லிட்டே வந்து ஒரு இடத்தில் நின்னார்.

வாரிசு இல்லாமல் ராஜா செத்துட்டார். அரியணை காலி. பெரியவங்க ஒரு கூட்டமா கிளம்பி, தூரத்தில் இருந்த இன்னொரு பல்லவக் கிளைக்குப் போறாங்க. இரணியவர்மன்கிட்ட, "உங்க பிள்ளைகளில் ஒருத்தரை அனுப்புங்க"ன்னு கேட்கிறாங்க. அவருக்கு நாலு பிள்ளைகள். மூணு பேர் மாட்டேன்னுட்டாங்க. கடைசிப் பையன், வயசு 12, "நான் போறேன்"னு எழுந்தான். அப்பாவுக்கு அனுப்ப மனசில்லை. ஒரு வழியா சம்மதிச்சார். காடு மலையெல்லாம் தாண்டி அந்தப் பையன் காஞ்சிபுரம் வந்து நந்திவர்மன் ஆனான். இந்தக் கோயிலைக் கட்டினதே அவன்தான்.

"பன்னெண்டு வயசுலயா?" அக்காதான் கேட்டாங்க. "ஆமாம்மா. முன்ன பின்ன தெரியாத ஊரு"ன்னார் ஐயா. "திரும்ப வீட்டுக்குப் போனானா?"

ஐயா கொஞ்ச நேரம் யோசிச்சார். "அத இங்க செதுக்கலம்மா."

அக்கா பையனோட கட்டத்தைப் போட்டோ எடுத்தாங்க. மூக்கு கரைஞ்ச அந்தச் சின்ன உருவம் போனில் சரியா விழல. லைட் இந்தப் பக்கம் வர்ற மாதிரி தள்ளி நின்னு மறுபடி எடுத்தாங்க. அதை அப்பவே அம்மாவுக்கு அனுப்பினாங்க.

மதியம் எல்லா டூரிலும் ஒரு 'கடை ஸ்டாப்' வரும். உங்களுக்கும் அனுபவம் இருக்கும், ஏ.சி. ஷோரூம், கூல்டிரிங்க்ஸ், "வாங்கலைன்னாலும் பரவால்ல, சும்மா பாருங்க". ஐயா வேனிலேயே ஓப்பனா சொல்லிட்டார்: "கடைக்குக் கூட்டிட்டுப் போனா எனக்குக் கமிஷன் கெடைக்கும். அத நம்பித்தான் பல கைடுங்க பொழப்பே ஓடுது, தப்பா நெனைக்காதீங்க. ஆனா நீங்க பட்டு வாங்குற ஆளுங்க இல்ல. அதனால தறிக்குப் போலாம்." பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. வாசல் தாண்டினதும் குழித்தறி.

காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைச்சது நமக்குத் தெரியும். கோர்வைன்னா என்னன்னு அங்கேதான் பார்த்தேன். உடலுக்கு ஒரு கலர், கரைக்கு வேற கலர். ரெண்டு நூலையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒண்ணுக்குள் ஒண்ணு மாட்டி விடணும். மூணு நாடா ஓடும், ரெண்டு பேர் வேணும். மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையா ஏறி இறங்குது. ஓட்டை இருந்தால் ஒரு மாதிரி, இல்லைன்னா வேற மாதிரி. அட, பைனரி! 1800-களின் ஆரம்பத்தில் பிரான்ஸில் வந்த இந்த அட்டை ஐடியாவைத்தான் பாபேஜ் தன்னோட கணக்கு மெஷினுக்கு எடுத்துக்கிட்டார். அஞ்சு செமஸ்டரா இதை தியரியா படிச்ச நாங்க வாயைப் பிளந்துட்டு நிக்கிறோம்... அக்கா நேரா தறிப் பக்கம் குனிஞ்சு, "இந்த எடத்துல ஒரு இழை விட்டுருக்கு பாருங்க"ன்னு காட்டுறாங்க! நெய்யுற அண்ணன் அசந்துட்டார். "எங்க லைன்ல இதான் எனக்கு வேல, நாளு பூரா கண்ணாடிக்கு அடில தப்பு தேடறது"ன்னாங்க. ரெண்டு பேரும் கண்வலிக்கு என்ன சொட்டு மருந்து போடுறதுன்னு பத்து நிமிஷம் பேசினாங்க. ஒரு புடவைக்குப் பத்துப் பதினைஞ்சு நாள் ஆகும்னார் அவர். அவர் பையனும் ஒரகடத்தில்தான் வேலையாம்.

சாப்பாடு பத்தி ரெண்டே வரி. இஞ்சி, மிளகு, சீரகம் போட்ட காஞ்சிபுரம் இட்லி. ஒண்ணு போதும், வயிறு ஃபுல்.

கடைசி ஸ்டாப் உத்திரமேரூர். சின்ன ஊர், கூட்டமே இல்லை. ஒரு கோயில் மண்டபத்தின் சுவரெல்லாம் எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டின தேர்தல் விதிகள். 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர்கூட இந்த ஊரைச் சொன்னார். ஐயா எங்களை வரிசையா நிக்க வெச்சு ஒரு விளையாட்டு ஆரம்பிச்சார். "குடவோலையில பேர் போடத் தகுதி இருக்கறவங்க மட்டும் நில்லுங்க. வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள." மொத்த கோஷ்டியும் அவுட். மிச்சம் டிரைவர் அண்ணன் மட்டும். "வரி கட்டுற நெலம் கால் வேலிக்கு மேல இருக்கணும்." அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேலே. வேதமும் பாஷ்யமும் படிச்சிருந்தால் அதில் பாதி நிலம் போதுமாம். "சொந்த மனையில வீடு?" டிரைவர் அண்ணன், "நானே வாடகை வீடு சார்"னு உட்கார்ந்துட்டார். மண்டபம் காலி!

தகுதி உள்ளவங்க பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. ஊர் 30 குடும்பாக, அதாவது 30 வார்டாகப் பிரிஞ்சிருந்தது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். "பொம்பளைங்க?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. ஐயா மழுப்பல. "பேச்சே இல்லம்மா. இது பிராமணர் ஊர்ச் சபை. மத்த ஜாதிக்காரங்களுக்கும் இடம் இல்ல. இத ஜனநாயகம்னு சொல்லிக் காட்டுறப்ப அதையும் சேத்துத்தான் நான் சொல்வேன்."

அடுத்த விதிக்குத்தான் விசில் பறந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமில்லை, அவனோட சொந்தக்காரங்களும் கூடாது. யார் யார்னு லிஸ்ட்டே வெட்டியிருக்கு! "இத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க ஐயா, எங்க மெஸ் கமிட்டி போர்டுல ஒட்டணும்"னு அக்காக்கள் நாலு பேரும் ஒரே குரலில். ஐயா நிஜமாவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். ஒட்டினாங்களான்னு கேட்காதீங்க, நான் இன்னும் அந்த ஹாஸ்டலில் இருக்கணும்.

திரும்பும்போது வாலாஜாபாத் வழி, ஒரகடம் ரோடு. ஏழே காலுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. அக்கா சாப்பிடக்கூட வரல. வராந்தாவில் அம்மாகூட போன். "...பன்னெண்டு வயசு பையனாம்மா... இல்ல இல்ல, சாமி இல்ல, ராசா..." காண்ட்ராக்ட் முடிஞ்சு சாமான் எடுக்க அப்பா அம்மா வர்றாங்களாம். ஒரு நாள் முன்னாடியே வரச் சொல்லிட்டாங்க. கைடு ஐயா நம்பரை என்கிட்ட வாங்கிக்கிட்டாங்க. வைகுண்டப் பெருமாள் கோயிலை மட்டும் தானே காட்டப்போறாங்களாம், அங்கே ஐயா பேசக் கூடாதாம்!

நீங்களும் கோஷ்டி சேர்க்கிறதா இருந்தால் சில விஷயங்கள். அடையாள அட்டை இருக்கிற கைடா பாருங்க, காசை முன்னாடியே பேசிடுங்க, அவருக்குச் சாப்பாடு உங்க செலவு. கடை வேண்டாம்னா கிளம்பும்போதே சொல்லிடுங்க, நடுவில் சொன்னால் அவருக்கும் சங்கடம். பன்னிரண்டு மணிக்குள் காஞ்சிபுரம் கோயில்களை முடிச்சுடணும், அப்புறம் நாலு மணி வரைக்கும் பூட்டுதான். செருப்பு இல்லாமல் பதினொரு மணி வெயிலில் கைலாசநாதர் கோயில் கல்லில் நடக்கணும்... பழைய சாக்ஸ் ஒரு ஜோடி பையில் போட்டுக்குங்க.